மச்சம் இடம் மாறிய நாள்

இருபத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயணியாக ஒரு பேருந்தில் ஏறினார். மனைவிக்கு நாலு நாள் விடுமுறை. முதல் நாள் கடைவீதி, மலை, ஏரி, கடைசியில் பெரிய ஓட்டலில் சாப்பாடு. சுற்றுலாப் பேருந்தில் மூன்றாவது வரிசை. ஜன்னலோரம் மனைவி, பக்கத்தில் அவர்.

படியில் கால் வைக்கும் முன்பே மனைவி நிபந்தனை போட்டுவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க டிரைவர் இல்ல, என் வீட்டுக்காரர். உக்காந்த இடத்துல ஒரு தடவை காலால பிரேக் போட்டீங்கன்னா, மிச்சம் மூணு நாளும் நான் எங்க அக்கா வீட்ல இருப்பேன். நீங்க தனியா ஊர் சுத்துங்க."

"காலு என்னம்மா பண்ணும், பாவம்," என்றார் டிரைவர்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இத்தனை வருடமும் அவள் வேலைக்குப் போனது அவர் பேருந்தில்தான், அவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில். கல்யாணப் பேச்சே அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகத்தான் நடந்தது. கட்டிக்கலாமா என்று அவர் கண்ணாடியில் புருவத்தைத் தூக்கினார், அவள் தலையசைத்தாள், அதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது. வீட்டிலோ அவர் கண் தட்டில் இருக்கும், தட்டை எடுத்துவிட்டால் தூக்கத்தில் இருக்கும். அவளுக்கு மனப்பாடமானது அவருடைய பிடரி ஒன்றுதான்.

கடைவீதியில் அவள் நாலு சால்வை எடுத்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்து, பிறகு அதே இரண்டை மறுபடி வாங்கினாள். அவருக்கு ஒரு ஜோடி தோல் ஷூ, கடையிலேயே காலில் ஏறியது.

"பத்து வருஷம் போட்டாலும் அடி தேயாது சார்," என்றார் கடைக்காரர். அது யாருடைய கால் என்று அவருக்குத் தெரியாது.

மலையேறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் வினை. முதல் வளைவு வந்ததும் டிரைவரின் வலது கால், அவரைக் கேட்காமலேயே, தரையை ஓங்கி மிதித்தது. பேருந்து நின்றுவிட்டது. அவசரமாகச் சால்வைப் பைகளை எடுத்துக் கால்மேல் வைத்து மூடிக்கொண்டார். அடுத்த வளைவிலும் கால் மிதித்தது, பேருந்தும் நின்றது.

சுற்றுலாப் பேருந்தை ஓட்டிய சின்னவன் இறங்கிப் போய்ச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான்.

"நான் தொடுறதுக்கு முன்னாடியே நிக்குதுண்ணே. இப்படி ஒரு பிரேக்கை நான் பாத்ததே இல்ல."

"நல்ல வண்டி. யாருக்கும் குடுத்துடாதே," என்றார் டிரைவர்.

மனைவி அவரைப் பார்த்தாள். பைகளைப் பார்த்தாள்.

ஏரிக்கரையில் ஓர் ஓவியர், வந்தவர்களை உட்காரவைத்துப் பத்து நிமிடத்தில் முகம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி போய் உட்கார்ந்தாள். படம் முடிந்ததும் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மச்சத்தை மாத்திப் போட்டுட்டீங்களே. அது இடது கன்னம்."

ஓவியர் படத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "வலதுதான் சார்."

"தம்பி, நான் இருபத்தெட்டு வருஷமா பாக்குறேன். நீங்க பத்து நிமிஷம்."

மனைவி தன் வலது கன்னத்தில் விரலை வைத்து எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் மச்சம் இருந்தது.

டிரைவர் குனிந்து மச்சத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "எப்ப மாத்துன?"

ஓவியர், ஏற்கெனவே சீவியிருந்த பென்சிலை மறுபடி சீவத் தொடங்கினார்.

"கண்ணாடியில பாத்தா அந்தப் பக்கம்தான் தெரியும்," என்றாள் மனைவி. "ஆளைப் பாத்திருக்கணும்." படத்தைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுடைய பிடரியை அவர் அன்றுதான் பார்த்தார்.

ஓட்டலில் தட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. நடுவில் சாப்பாடு, ஒரு போல்ட்டின் தலை அளவு. அதைச் சுற்றிப் பச்சையாக ஏதோ ஒழுகியிருந்தது. ஆயில் கசிவு என்று சொல்ல வாயெடுத்த டிரைவர், இன்றைக்குத் தான் டிரைவர் இல்லை என்பது நினைவுக்கு வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அதுதான் தப்பாகிவிட்டது.

"அந்த ஷூ காலையில வாங்குனது," என்றாள் மனைவி.

"ஆமா."

"அடியில ஓட்டை. உள்ள சாக்ஸ் தெரியுது. எங்க, இன்னொரு காலைத் தூக்குங்க."

தூக்கினார். இடது ஷூவின் அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுகூட அழியவில்லை.

"எத்தனை தடவை?"

"மலையில பதினோரு தடவை. ஊருக்குள்ள நான் எண்ணல."

அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். "அக்கா இன்னும் முழிச்சுத்தான் இருப்பா. மணி ஏழுதானே."

மேசைக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. டிரைவரின் கண் பழக்கதோஷத்தில் அங்கே போயிற்று. "கோவமா?" என்று அந்தக் கண்ணாடியைக் கேட்டார்.

"நான் இங்க இருக்கேன்," என்றாள் மனைவி.

டிரைவர் எழுந்தார். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். பரிமாறுபவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், நான் திருப்பிப் போடுறேன்..."

"வேணாம். ரிவர்ஸ் எடுத்துப் பழகின ஆளு நான்."

கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் நம்பரைத் தேடும் விரலை நிறுத்தி, கொஞ்சம் திரும்பினாள். மச்சம் வலது கன்னத்தில்தான் இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு பழைய தழும்பு. ஒரு புருவம் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. இதெல்லாம் கண்ணாடிக்கு எட்டாத சமாச்சாரம். இரண்டாவது தட்டு வந்தது, ஆறியது, போயிற்று. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"புது ரூட்டு," என்றார் டிரைவர். "பழகணும்ல."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். "போறப்பவும் பிரேக் போடுவீங்களா?"

"ரோட்டைப் பாத்தாத்தானே போடுறதுக்கு."

திரும்பும் வழியில், முதல் சிக்னலில் பேருந்தை நிறுத்தச் சின்னவன் மூன்று முறை மிதிக்க வேண்டியிருந்தது. காலையில் கல்லுமாதிரி நின்ற வண்டிக்கு இப்போது என்ன கேடு என்று சத்தமாகவே கேட்டான். மூன்றாவது வரிசையில் ஒருவர் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்திருந்தார், ஜன்னலைப் பார்க்கவில்லை.