நவரட்ணம் அண்ணைக்குச் சொல்லாமல் விட்ட பாடம்

பயிற்சி தருகிறோம் என்று வெளியாட்கள் வருடத்துக்கொரு முறை வந்து படம் போட்டுக் காட்டிவிட்டுப் போவார்கள்; மறுவாரமே எல்லாருக்கும் அது மறந்துபோகும். இனி உள்ளுக்குள்ளிருந்தே பயிற்றுநர்களை உருவாக்குவோம் என்று முதியோர் இல்லத்து மேலாளர் நடாஷா முடிவெடுத்து, பராமரிப்புப் பணியாளர்களில் சிலரைப் பொறுக்கினாள். அதில் மயூரியும் ஒருத்தி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டோர்செட் பார்க்கில் அவள் இருந்த மாடிக்கட்டடத்தில் செய்தி தெரியாத வீடு இல்லை. பரப்பியதும் அவளேதான்.

நடக்கமுடியாதவர்களை மெஷினால் தூக்குவதைப் படிப்பிப்பது அவள் வேலை. தூக்குமுன், ஆளைத் தாங்கும் துணிப்பட்டியை மெஷினில் மாட்டும் எல்லாக் கொளுக்கிகளையும் கையால் இழுத்துப் பார்க்கவேண்டும். ஒருவர் தவறவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி செய்யவைக்கவேண்டும், அது யாராக இருந்தாலும்.

பயிற்சிக்கு முதலில் வந்தவர், அங்கேயே நெடுங்காலம் வேலை செய்யும் நவரட்ணம். இந்த இல்லத்தில் மயூரிக்கு வேலை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். பனியோ மழையோ, பிக்கரிங்கிலிருந்து வரும் வழியில் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர். தோள்பக்கக் கொளுக்கிகளை இழுத்துப் பார்த்தார். கால்பக்கத்தை விட்டுவிட்டார். நிறுத்தச் சொல்ல மயூரிக்கு வாய் வரவில்லை.

"சரியோ பிள்ளை?"

"உங்களுக்குச் சொல்லித்தர நான் ஆர் அண்ணை?" என்று சிரித்து, தேறியதாகப் போட்டுவிட்டாள். மரியாதையாம்!

அவர் போனபின், மயூரியைவிட வயதில் இளைய பணியாளரான றோசலின் வந்து அதே பிழையை விட்டாள். இப்போது மட்டும் மயூரிக்கு வாய் தாராளமாக வந்தது. எல்லார் முன்னாலும் அவளைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தாள்.

அடுத்த வாரம் நவரட்ணம் தூக்கும்போது கால்பக்கக் கொளுக்கி கழன்று, ஒரு மூதாட்டி விழுந்து தோளை முறித்துக்கொண்டார்.

நடாஷா நவரட்ணத்தையும், அன்று பயிற்சியில் இருந்த மயூரியையும் றோசலினையும் கூப்பிட்டாள். மயூரி ஒழுங்காகப் படிப்பித்தாளா என்று கேட்டாள். அவள் நன்றாகத்தான் படிப்பித்தாள், மறந்தது என் பிழைதான் என்றார் நவரட்ணம். படித்தும் செய்யாதவரை இனி வைத்திருக்க முடியாது என்றாள் நடாஷா.

தப்பிவிட்டேன் என்று மயூரியின் மனம் ஒரு கணம் ஆறியது. அப்படி ஆறியதை உணர்ந்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. றோசலின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் அன்றைக்கே பிழையாகத்தான் செய்தார்," என்று மயூரி ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் பார்த்துக்கொண்டே தேறவைத்தேன்."

ஏன் என்றாள் நடாஷா.

"அவர் என்னைவிட மூத்தவர்."

சொன்னவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. நடாஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது நவரட்ணத்துக்குத்தான்.

"அண்டைக்கும் நான் கால்பக்கத்தை விட்டனானோ?"

"ஓம் அண்ணை."

"எனக்கும் அதுதான் பிழைச்சது அங்கிள்," என்றாள் றோசலின். "அக்கா என்னை நிப்பாட்டித் திருத்தினவ."

அவர் ஏசியிருந்தால் மயூரி தாங்கியிருப்பாள். ஏசவில்லை. ஏதோ தனக்குக் கிடைக்கவேண்டியதை அவள் மற்றவருக்குக் கொடுத்துவிட்டதைப்போல அவளைப் பார்த்தார்.

"என்னை ஏன் பிள்ளை நிப்பாட்டேல்லை? அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ விழுந்தது."