சார்ஜ் கொடுத்த பிறகு

...சர்க்கரை டப்பா மறுபடியும் இடம் மாறியிருக்கிறது, நேற்று ஜன்னலோரம் இருந்தது, இன்று மேல்தட்டில், என் கை எட்டாத உயரத்தில், அதாவது இடது கை எட்டாத உயரத்தில், வலது கை எட்டும், ஆனால் வலது கைப் பக்கம் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் என் வீட்டுக்காரர், அவரைத் தாண்டிப் போக என் சமையலறையில் நான் அனுமதி கேட்க வேண்டும்... என் சமையலறையா? சிரிப்பு வருகிறது. இந்த வீட்டில் என்னுடையது என்று பாக்கி இருப்பது மாத்திரைப் பெட்டி, கை வீங்காமல் இருக்கப் போடும் இறுக்கமான உறை, அப்புறம் புற்றுநோய்க்குக் கொடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளாடைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த சிலிக்கான் அம்மணி. அவளுக்கு நான் வைத்த பெயர் 'தற்காலிகம்', நிரந்தர ஊழியர் போன இடத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவள், ஒரு வேலையும் தெரியாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு உட்காருவாள், குனிந்தால் வெளியே குதித்துவிடுவாள், ஒருநாள் துணிக்கடையில் குதித்தாள் பாருங்கள், அங்கே புடவை மடித்து வைத்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் பறந்து வந்து பிடித்த பிடியை எந்த விக்கெட் கீப்பரும் பிடித்திருக்க மாட்டார், கடையே எழுந்து நின்று கைதட்டியது... சரி, கைதட்டவில்லை, அந்தப் பெண் கையில் இருப்பது என்னவென்று தெரிந்ததும் அழுதுவிட்டாள், நான்தான் சிரித்தேன், வீடு வரும்வரை சிரித்தேன், குளியலறைக் கதவைச் சாத்திய பிறகும் சிரிப்பு மாதிரிதான் சத்தம் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார், "இனி அடிக்கடி வர வேண்டாம்மா, வருஷத்துக்கு ஒரு தடவை முகத்தைக் காட்டினா போதும்" என்று, ஏதோ நான் அவருக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. மகள் போனில் கத்திய கத்தலில் தெருவில் இருக்கிற நாயெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டது, "அம்மா, நீ சிங்கம்மா! போராடி ஜெயிச்சுட்டே!" நான் எங்கே போராடினேன்? படுத்திருந்தேன். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து நரம்பில் அந்தச் சிவப்பு மருந்தை ஏற்றினார்கள், நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சண்டை மருந்துக்கும் நோய்க்கும், நான் வெறும் மைதானம், மைதானத்துக்கு யாராவது கோப்பை கொடுப்பார்களா? ஆட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், எங்கே பார்த்தாலும் பள்ளமும் குழியும். நாத்தனார் வேறு, "அண்ணி, புதுசா வந்த சுருட்டை முடி உங்களுக்கு அம்சமா இருக்கு, அப்படியே பத்து வயசு குறைஞ்ச மாதிரி" என்கிறாள், உனக்கும் அதே வைத்தியத்தைப் பண்ணச் சொல்லட்டுமாம்மா என்று நாக்கு நுனி வரை வந்தது, முழுங்கிவிட்டேன்... பாவம், அவள் வேறு என்னதான் சொல்வாள்? எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதுதான் பெரிய உபத்திரவம், பிழைத்தவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் கொழுப்பு என்பார்கள்.

நானும் வீட்டுக்காரரும் இரண்டு பேருமே ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தவர்கள், மோட்டார் ஒவ்வொன்றும் யானைக்குப் பெரியப்பா, அதன் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் யார் தும்மியது என்று கேட்போம். என் ஷிப்ட் முடியும்போது அவர் ஷிப்ட் தொடங்கும், கல்யாணத்துக்கு முன்னாலும் சரி பின்னாலும் சரி, நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் கைமாற்றும் நேரத்தில்தான், மூணாவது மோட்டார் முனகுது, கிழக்கு வால்வு ஒழுகுது, சார்ஜ் கொடுத்தேன், சார்ஜ் எடுத்தேன், அவ்வளவுதான் எங்கள் காதல். இன்றைக்கும் அவர் என்னைக் கூப்பிடுவது 'இன்சார்ஜ்' என்றுதான். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு, சார்ஜ் கொடுத்தவர், அதாவது பொறுப்பை ஒப்படைத்தவர், அதற்குப் பிறகு எதையும் தொடக்கூடாது, மோட்டார் புகைந்தாலும் கத்தலாம், ஓடலாம், சுவிட்சில் மட்டும் கை வைக்கக்கூடாது, ஒரு இயந்திரத்தில் இரண்டு பேர் கை வைத்தால், ஒருவர் அணைத்ததை இன்னொருவர் போட்டு, உள்ளே பழுது பார்க்கிறவன் கை போய்விடும்.

மருந்து ஏற்றத் தொடங்கியதும் நான் என்ன செய்தேன்? பிழைக்க மாட்டேன் என்று எனக்கு நிச்சயம், அவருக்கும் நிச்சயம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்வதற்குப் பதில் சமையல் சொல்லிக்கொடுத்தேன். வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாந்திக்கும் அடுத்த வாந்திக்கும் நடுவில், முட்டை வேகத் தண்ணீர் எதற்கு என்று கேட்ட மனிதருக்கு! உப்பு எவ்வளவு, வெள்ளைத் துணியை எதோடு சேர்க்கக் கூடாது, மகள் போனில் "ஒண்ணுமில்லப்பா" என்றால் என்ன அர்த்தம், எல்லாம். முதலில் எல்லாவற்றையும் கருக்கினார், பிறகு தேறினார், பிறகு... பொறாமையாக இருந்தது, என்னைவிட நன்றாகவே செய்தார். ஆபரேஷன் அன்று காலையில் தள்ளுகட்டிலில் படுத்தபடி சொன்னேன், சார்ஜ் கொடுத்தேன். எடுத்தேன் என்றார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நல்ல ஆபரேட்டர்.

அப்புறம் நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குத்தான் யாருமே பயிற்சி கொடுக்கவில்லை. வந்து பார்த்தால் வீடு ஓடுகிறது, கடிகாரம் மாதிரி ஓடுகிறது, டப்பாக்கள் அவர் கைக்கு வாகான இடத்தில், நான் எதையாவது எடுக்கப் போனால் "நீ உட்காரு இன்சார்ஜ், நான் பாத்துக்கறேன்", நானும் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியில் வேர் விட்டுவிட்டேன். ராத்திரி கட்டிலின் அந்த ஓரத்தில் அவர், இந்த ஓரத்தில் நான், நடுவில் ஒரு சரக்கு ரயிலே போகலாம், கேட்டால் "உனக்கு வலிக்குமேன்னுதான்" என்பார். வலிக்காது, அந்த இடம் மரத்துப் போய்விட்டது, தொட்டால் தொட்டதுகூடத் தெரியாது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது... சொன்னால் தொடு என்று கேட்கிற மாதிரி ஆகாதா? கேட்டு, அவர் தொடாமல் இருந்துவிட்டால்?

இதோ பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். பாத்திரத்தின் ஓரத்தில் முதலில் சின்னச் சின்னக் குமிழி, அப்புறம் ஏடு சுருங்குகிறது, நடுவில் மூச்சு விடுகிற மாதிரி மேலே எழும்புகிறது, இறங்குகிறது, எழும்புகிறது, அடுப்பின் குமிழைத் திருப்பினால் போதும், இரண்டு விரல் வேலை... விளிம்புக்கு வந்துவிட்டது, வழிகிறது, அடுப்பு சீறி அணைகிறது, தீய்ந்த வாசனை, அவர் ஒரு கையில் துண்டோடு ஓடி வருகிறார், குமிழை மூடுகிறார், "என்ன இன்சார்ஜ், பக்கத்துலதானே நின்னுட்டிருந்தே?"

"சார்ஜ் உங்ககிட்டதானே இருக்கு? நான் எப்படித் தொடறது?" என்றேன், என்னிடம் இருப்பதிலேயே நல்ல நையாண்டிக் குரலில். பம்ப் ஹவுஸ் ஆட்கள் யார் கேட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். "திருப்பிக் குடுத்துடலாம்னுதான் தினம் பாக்கறேன், எப்படின்னு தெரியல" என்றார், "நீ போயிடுவேன்னு எல்லாத்தையும் பழகிட்டேன். தனியா எழுந்திரிக்க, தனியா சாப்பிட, தனியா படுக்க. மனசுக்குள்ள எல்லாம் அழுது முடிச்சுட்டேன். இப்ப நீ நிக்கறே. உன்னப் பாத்தா எனக்கு..." துண்டைப் பிழிந்து போட்டார். "துணி காஞ்சிடுச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று போனார். இப்போதுதான் போட்ட துணி.

கோபம் வரவில்லை. நானும்தானே என்னை முடித்துவிட்டுப் போனேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து அழகாக அடக்கம் பண்ணிவிட்டோம், ஆள் மட்டும் மீந்துவிட்டது. ஆனால் உறுத்துவது அது இல்லை... அந்தச் சார்ஜ் நையாண்டி அவர் ஓடி வந்து கேட்ட பிறகுதான் எனக்குத் தோன்றியது. பால் எழும்பிக்கொண்டிருந்தபோது மனதில் சார்ஜும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை, அவர் மேல் வருத்தம்கூட இல்லை. வழியப் போகிறது என்று தெரிந்தது, அணைக்க வேண்டும் என்று தெரிந்தது, கை போகவில்லை. வீங்கிய கை இல்லை, நல்ல கை, வலது கை. அது தொங்கிக்கொண்டே இருந்தது, நானும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், போகிறதா பார்ப்போம் என்று. எத்தனை நாளாக இப்படி? பால் என்பதால் தெரிந்தது, வேறு எதையெல்லாம் இப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்தேனோ... பால்கனியில் அவர் முதுகு தெரிகிறது, கூப்பிட்டால் வருவார், வந்து என்ன என்று கேட்டால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்துவிடலாம், எனக்குத்தான் எப்போதும் ஏதாவது தோன்றுமே, வாயைத் திறந்தால் போதும்... திறந்திருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.