செத்தவர் எச்சில் விழுங்கினார்

செத்துக் கிடப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எத்தனையோ சீரியல்களில் பிணமாகப் படுத்திருக்கிறார். ஒன்றில்கூட வாய் திறந்து பேசியதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கட்டையாய்க் கிடப்பதால் படப்பிடிப்பு ஆட்கள் வைத்த பெயர் ‘தம்கட்டி’.

இந்த முறை டைரக்டர் ஆசை காட்டியிருந்தார்.

“அண்ணே, கதாநாயகி இத்தனை நாளா போன்ல மட்டும் பேசுன அப்பா வேஷம் உங்களுக்குத்தான். ஒழுங்கா செத்துக் கிடந்தீங்கன்னா, அவரோட இரட்டைத் தம்பியா திரும்பி வர்றீங்க. பக்கம் பக்கமா வசனம்.”

தம்கட்டி வீட்டில் ஒத்திகை பார்த்தார். மனைவி அவர் மூக்கடியில் கண்ணாடியைப் பிடித்தாள்.

“ஆவியே படியல. இப்படியே இருந்துடுங்களேன், வீடு எவ்வளவு அமைதியா இருக்கு.”

மூச்சு சொன்னபடி கேட்டது. இமையும் கேட்டது. சாப்பிட்டால் வயிறு மேடு தட்டுமே என்று, படப்பிடிப்பன்று பட்டினியாகவே கிளம்பினார். அங்கேதான் கோட்டை விட்டார்.

கதாநாயகிக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. ஒரே டேக்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். தம்கட்டி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கினார். அதே நொடியில் பக்கத்து அறையில் யாரோ சாப்பாட்டு கேரியரைத் திறந்தார்கள். வதக்கிய வெங்காய வாசனையும் மூச்சோடு உள்ளே போய்விட்டது.

கதாநாயகி அவர் மார்பில் விழுந்து அழுதாள். இவருக்கு நாக்கடியில் ஊறியது. வேண்டாம், வேண்டாம் என்று மனதுக்குள் அதட்டினார். அது அவர் அதட்டலுக்கு அடங்கும் இலாகா இல்லை. வாய் நிறைந்தது. தொண்டை ஒருமுறை மேலே போய்க் கீழே இறங்கியது.

அவள் போன பிறகுதான் டைரக்டர் மானிட்டரில் பார்த்தார்.

“அண்ணே, செத்தவரு எச்சில் விழுங்குறாரு.”

“தானா ஊறுது தம்பி. நான் என்ன பண்றது?”

டைரக்டர் கதாசிரியருக்குப் போன் போட்டார். பேசிவிட்டுச் சிரித்த முகமாக வந்தார்.

“கவலைய விடுங்க. நீங்க சாகல. கோமா.”

“அப்போ இரட்டைத் தம்பி?”

“நீங்களே உயிரோட இருக்கும்போது தம்பி எதுக்கு? இனி மாசக்கணக்குல ஆஸ்பத்திரி சீன்தான். உங்க காட்டுல மழை.”

“வசனம்?”

“கோமாவுல ஏதுண்ணே வசனம்?”

மறுநாள் ஆஸ்பத்திரி செட்டில் படுத்தார்.

“இப்ப மூச்சு விடணும்ணே. விடுங்க.”

விட்டார்.

“ஓடி வந்த மாதிரி இருக்கு.”

நிதானமாக விட்டார்.

“இது பெருமூச்சு. கோமாவுல இருக்குறவரு எதுக்கு ஏங்குறாரு?”

“எப்படித்தான் விடச் சொல்றீங்க?”

“சும்மா, தினமும் விடுற மாதிரி.”

தினமும் எப்படி விடுகிறோம் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க மூச்சு முட்டியது. டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு இடைவேளை விட்டார்.

தம்கட்டி எழுந்து உட்கார்ந்து, நர்ஸ் வேஷத்தில் நின்றவளைப் பார்த்தார்.

“ஏம்மா, நீ எப்படி விடுறே?”

அவள் யோசித்தாள். அதன் பிறகு அவளுக்கும் சரியாக வரவில்லை.