இழுத்துப் பார்த்த காலை

மத்தியானம் டூசானிலிருந்து ஒருவன் வீட்டைப் பார்க்க வருகிறான். பிடித்துவிட்டால் தன் வண்டியிலேயே மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவான். வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு. பிக்கப் வண்டியின் முதுகில் மூக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பின்னாலேயே வரும் பெரிய டிரெய்லர். ஃபிஃப்த் வீல் என்பார்கள். ஆர்டிஸ் புரூயிட்டும் அவள் புருஷன் லைலும் எட்டு மாதமாக அதில்தான் குடித்தனம்.

இதில் யாருடைய ஆசை எது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நெப்ராஸ்காவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இப்படி ஊர் ஊராகப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் ஆர்டிஸ். கடையில் வரிசையாக நின்றிருந்த டிரெய்லர்களில் இதன் அடுப்படி ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, "இதுதான், வேற எதையும் காட்டாதீங்க" என்று சொன்னவளும் அவள்தான். லைல் முதலில் முனகினான். பிறகு பாடம் பாடமாக வீடியோ பார்த்து, மாட்டக் கற்று, இழுக்கக் கற்று, பின்னால் தள்ளி நிறுத்துவதற்குள் நாலு பேர் முன்னால் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கி, கடைசியில் அவனுக்கும் பிடித்துப்போயிற்று. ஆர்டிஸ் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இன்றைக்கு ஒரு மலை, அடுத்த வாரம் ஒரு ஏரி, ஆனால் அடுப்படி மட்டும் அதே அடுப்படி.

எல்லாவற்றையும் கெடுத்தது மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த ஒரு கூத்து. இந்த அரிசோனா முகாமிலிருந்து கிளம்ப லைல் வண்டியை மாட்டிக்கொண்டிருந்தான். வழக்கமாகப் பக்கத்தில் டார்ச் பிடிக்கிற ஆர்டிஸ் அன்றைக்கு உள்ளே ஃபிரிட்ஜ் கதவை வார் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த இடத்து டெல்பர்ட், எழுபது வயதுக்காரர், காபிக் கோப்பையோடு வந்து டீசல் பற்றி என்னவோ கேட்டார். லைல் பதில் சொல்லிக்கொண்டே மாட்டினான். டிரெய்லரின் மூக்குக்கு அடியில் ஒரு இரும்பு முளை இருக்கும். அது பிக்கப்பில் உள்ள தாடைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு முளை தாடைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. எட்டிப் பார்த்தால் மாட்டின மாதிரிதான் தெரியும். லைல் டிரெய்லரின் மூக்கைத் தாங்கி நின்ற முன்கால்களைத் தூக்கிவிட்டு வண்டியை நகர்த்தினான். தடால் என்று மொத்த மூக்கும் பிக்கப்பின் இரண்டு பக்கச் சுவர்களின் மேலும் பின்கதவின் மேலும் விழுந்தது. அவ்வளவு எடை விழுந்தால் தகரம் என்ன செய்யும்? அப்பளமாக நொறுங்கியது.

யாருக்கும் அடிபடவில்லை. முகாமில் இருந்தவர்கள் ஜாக்கிகளோடு வந்து தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போனார்கள். அந்த மௌனம்தான் ஆர்டிஸுக்குச் சுருக்கென்று தைத்தது.

லைலுக்குத் தைத்தது வேறு. அன்று சாயங்காலம் மெதுவாகச் சொன்னான். "பூட்டினேனா, இல்லையா, அதுவே எனக்கு ஞாபகம் இல்ல ஆர்டிஸ். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. முதல்ல சாவி, அப்புறம் அடுப்பு, அப்புறம் என் பேரு."

"ஒரு தடவ மறந்ததுக்கா?"

"நடு ரோட்டுல கழண்டிருந்தா? பின்னாடி குழந்தைங்க கார் வந்திருந்தா?"

அதன் பிறகு அவன் பிக்கப்பின் பின்பக்கம் போகவே இல்லை. ஒமாஹாவில் மகன் பக்கத்திலேயே ஒரு அபார்ட்மெண்ட் பார்த்துவிட்டான். டூசான்காரனும் கிடைத்துவிட்டான். ஆர்டிஸ் சண்டை போட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இன்று காலை லைல் சொன்னான்: "கழிவுத் தொட்டியக் காலி பண்ணி வைக்கச் சொல்லியிருக்கான். கொட்டுற இடம் முகாம் கேட் பக்கத்துல இருக்கு. டெல்பர்ட்டக் கேட்கணும், இழுத்துட்டுப் போய்க் கொடுப்பாரான்னு."

"டெல்பர்ட் எதுக்கு? நான் போறேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா? மளிகைக்கு அந்த வண்டிய ஓட்டிட்டுப் போறது யாரு?"

"அது வெறும் வண்டி. பின்னாடி ஒரு வீடு தொங்கினா வேற கதை."

"எட்டு மாசமா உனக்கு டார்ச் பிடிச்சது யாரு, பேயா? எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

லைல் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிக்கவில்லை. "என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டு, சீமைக்கருவேல மரத்தடி பெஞ்சில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஆர்டிஸ் அறையை அகலமாக்க வெளியே தள்ளியிருந்த பக்கச் சுவர்களை உள்ளே இழுத்தாள். தண்ணீர்க் குழாயையும் மின்சார வயரையும் கழற்றிச் சுருட்டினாள். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்த்தாள். பிக்கப்பின் பின்கதவை இறக்கினாள். அதை இறக்காமல் பின்னால் போய், கதவை முட்டி உடைத்துக்கொண்டு நிற்கிற புதுசுகள் மாதத்துக்கு ஒன்று உண்டு.

அப்போதுதான் முகாம் மேலாளர் நெட்டி தன் நாயோடு அந்தப் பக்கம் வந்தாள். ஆர்டிஸ் கையைத் தூக்கி ஆட்டினாள். நெட்டி இறங்கியிருந்த பின்கதவைப் பார்த்தாள். பார்த்ததும் நாயைச் சடக்கென்று இழுத்துத் திருப்பி, வேறு பாதையில் போய்விட்டாள். பக்கத்து இடத்தில் டெல்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, நாற்காலியைத் தன் டிரெய்லர் பக்கம் திருப்பிப் போட்டு மறுபடி உட்கார்ந்தார்.

ஆர்டிஸுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. போன வாரம்தான் ஆளுக்கொரு துண்டு வாழைப்பழ ரொட்டி சுட்டுக் கொடுத்திருந்தாள். தின்னும்போது இனித்ததல்லவா? புருஷன் ஒரு நாள் தவறினால் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தால்கூடத் தீட்டா? இருக்கட்டும், யாரும் பேச வேண்டாம், நானே மாட்டுகிறேன் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனாள். இறங்கிப் பார்த்தாள். ஏறினாள். மறுபடி இறங்கிப் பார்த்தாள். எத்தனை தடவை இறங்கினால்தான் என்ன, கூலியா கேட்கிறார்கள்? ஏதோ தட்டின சத்தம் கேட்டது. டார்ச்சோடு குனிந்தாள். முளை தாடைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. லைலுக்கு நடந்த அதே கதை.

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். லைல் அப்படியேதான் இருந்தான். கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிடவில்லை. வண்டியை முன்னால் எடுத்தாள். முன்கால்களைச் சுருக்கி, மூக்கை இரண்டு விரல் அளவு இறக்கினாள். மறுபடி பின்னால் வந்தாள். இந்தத் தடவை 'டக்' என்று ஒரே சத்தம், கனமாக, முழுசாக. தாடையைப் பூட்டும் பிடியைத் தள்ளினாள். டார்ச் அடித்தாள். தாடை முளையைச் சுற்றி வாயை மூடியிருந்தது. மறுபக்கமும் போய்ப் பார்த்தாள். டிரெய்லரின் பிரேக்குக்கும் விளக்குக்குமான வயரைப் பிக்கப்பில் மாட்டினாள். நசுங்கிய பின்கதவை உதைத்துச் சாத்தினாள்.

இனி இழுத்துப் பார்க்க வேண்டும். லைல் அன்று விட்டது இதைத்தான். முன்கால்களைத் தரையிலிருந்து ஒரு மயிரிழைதான் தூக்கினாள். கழன்றாலும் கால்மேல் நிற்கும். கட்டைகளை எடுக்கவில்லை. ஓட்டும் இடத்தில் இருந்த பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெதுவாக முன்னால் இழுத்தாள். வண்டி உறுமியது, திமிறியது, நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வீடு அசையாமல் பிடித்துக்கொண்டது.

"குட் மார்னிங், ஆர்டிஸ்" என்றது ஒரு குரல். ஜன்னலுக்கு வெளியே டெல்பர்ட். அவருக்குப் பின்னால் நாயோடு நெட்டி, வாயெல்லாம் பல்லாக.

"அடேயப்பா, இப்பத்தான் வாய் தொறந்துச்சா?" ஆர்டிஸ் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "நான் கை ஆட்டினா மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. நாங்க என்ன பண்ணிட்டோம் உங்கள?"

நெட்டி சிரிப்பை நிறுத்தினாள். "ஐயோ, உனக்குத் தெரியாதா? வண்டி மாட்டறவங்ககிட்ட யாரும் பேசக் கூடாதும்மா. கிட்டயே போகக் கூடாது. ஒரு வார்த்தை கேட்டாலும் கை எங்க விட்டுச்சுன்னு மறந்து போயிடும். இழுத்துப் பார்த்து முடிக்கிற வரைக்கும் கண்டும் காணாம போயிடணும். அதான் மரியாதை. அன்னிக்குத் தூக்கிக் கொடுத்துட்டுப் பேசாமப் போனதும் அதுக்குத்தான்."

"நான்தான் அன்னிக்கு அதை மீறினேன்" என்றார் டெல்பர்ட். அவர் ஆர்டிஸைப் பார்த்துச் சொல்லவில்லை; மரத்தடி பெஞ்சைப் பார்த்து, கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார். "பத்து வருஷமா இந்த வாழ்க்கை வாழறேன், புத்தி வேண்டாமா? டீசலப் பத்திக் கேட்டு அவர் கவனத்தக் கெடுத்தது நான். அன்னியிலேருந்து அவர் மூஞ்சியில முழிக்க எனக்கு வெட்கமா இருக்கு."

லைல் எழுந்து நின்றிருந்தான். "பூட்டினது எனக்கு ஞாபகமே இல்லையே, டெல்பர்ட்."

"எப்படி இருக்கும்? நீங்க பூட்டவே இல்ல. நான் பூட்ட விடல. இங்க வாங்க." டெல்பர்ட் அவனைத் தன் பிக்கப் பக்கம் கூட்டிப்போய்ப் பக்கச் சுவரைக் காட்டினார். பெயிண்ட்டுக்கு அடியில் நீளமாக ஒரு நசுங்கல். "இது எனக்கு விழுந்தது. நான் மாட்டிட்டிருந்தப்ப என்கிட்ட வழி கேட்டது ஒரு பாதிரியார், அவரை வையக்கூட முடியல. அப்ப எனக்கு அறுபது. இன்னி வரைக்கும் புத்தி தெளிவாத்தான் இருக்கு, என் பெண்டாட்டி ஒத்துக்க மாட்டா, அது வேற."

"எனக்கும் விழுந்திருக்கு" என்றாள் நெட்டி. "ரெண்டு தடவ."

லைல் அந்த நசுங்கலை உள்ளங்கையால் தடவினான். பிறகு தங்கள் டிரெய்லருக்கு வந்து, முன்கால்களை முழுசாகத் தூக்கினான். குனிந்து சக்கரக் கட்டைகளை எடுத்து உள்ளே வைத்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பின்பக்கம் போயிருக்கிறான் என்பதை ஆர்டிஸ் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவன் வந்து அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

கழிவு கொட்டும் இடத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. கை கழுவிவிட்டு ஆர்டிஸ் வண்டியை முகாம் கேட் வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். உள்பாதை இடப்பக்கமாக வளைந்து அவர்கள் இடத்துக்கே திரும்பிப் போகும். கேட்டைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை, நியூ மெக்ஸிகோ.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

லைல் நெடுஞ்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்ற பக்கம்தான் திருப்புவேன், லைல். உன்னைக் கடத்திட்டுப் போற உத்தேசம் இல்ல. ஆனா வாயத் தொறந்து சொல்லணும்."

"கழிவு கொட்டப் போறவ நாற்காலிய எதுக்கு மடிச்சு உள்ள வச்ச? வாசல் மிதியடியக் கூடச் சுருட்டிட்ட."

"பார்த்தியா?"

"காலையிலேயே ஓரக்கண்ணால பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சும்மா இருந்த?"

"நீதான் மாட்டிட்டிருந்தியே. பேசக் கூடாதாமே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். லைல் போனை எடுத்து டூசான்காரனைக் கூப்பிட்டான். "கிளம்பிட்டீங்களா? இன்னும் இல்லையா, நல்லவேளை. வர வேண்டாம். மன்னிச்சுக்குங்க, நாங்க விக்கல." அவ்வளவுதான் பேசினான்.

பிறகு தன் பக்கத்து ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, கேட் தூணையும் டிரெய்லரின் பின்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நேராப் போ. இன்னும் போ. ரோட்டு நடுக்கோட்டத் தொடுற வரைக்கும் போயிட்டு அப்புறம் வலப்பக்கம் ஒடி. அவசரப்பட்டு ஒடிச்சன்னா பின்சக்கரம் தூணையும் பிடுங்கிட்டு வந்துடும்."

"இப்பவா?"

"இன்னும் கொஞ்சம். இப்ப. ஒடி."

ஆர்டிஸ் ஒடித்தாள். கண்ணாடியில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

"அழுதுகிட்டே ஓட்டாத ஆர்டிஸ், கண்ணாடியப் பாரு" என்றான் லைல். "இந்தப் பக்கத்த நான் பார்த்துக்கறேன்."