கார்த்திகையில் ஒரு பொய்ச்சுற்று

1

இந்தக் கதை ஒரு ஜோடி ஷூவிலிருந்து பிறந்தது. போன கார்த்திகையில் ஒரு காலை, சங்கரன்கோவில் கீழரத வீதியில் பூ வாங்க நின்றிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மங்கி குல்லா போட்ட ஒரு மனிதர் வெறுங்காலோடு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து போனார். நாலடி பின்னால் ஒரு பெண். அவருடைய ஷூக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

யார் என்று பூக்காரியிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது. கேட்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் உட்காருகிறேன். நான் குடும்ப நாவல் எழுதுகிறவள். என் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் ஜோடி சேர்ந்துவிடும். இவர்கள் சேர்ந்து பல காலம் ஆனவர்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

2

குளிர்காலம் வந்ததும் நிர்மலாதேவியின் மனம்

(வேண்டாம். சங்கரன்கோவிலில் குளிர்காலம் என்று எழுதினால் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். இங்கே இருப்பது வெயில், பிறகு கொஞ்சம் குறைந்த வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் காற்றில் ஒரு ஈரம். அந்த ஈரத்துக்கே நாங்கள் மஃப்ளரைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.)

ஒரு காலத்தில் ஆறுமுகச்சாமி ஓடினால்

(இதுவும் வேண்டாம். பழம்பெருமை பேசும் வாக்கியம்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். குல்லாக்காரருக்கு நான் வைத்த பேர் ஆறுமுகச்சாமி. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் பாதிப் பேரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். சித்திரையில் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. இடது கால் முழுசாகத் திரும்பவில்லை. தினமும் வெளியே நடக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆறுமுகச்சாமி, வெயில் தாழட்டும் என்றார். வெயில் தாழ்ந்தது. பனி இறங்குகிறது, தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார்.

குளிர்ந்த மாதங்களில் தசை இன்னும் இறுகும், இதை உட்கார்ந்தே கழித்தால் பிறகு அவரை எழுப்புவது கஷ்டம் என்று டாக்டர் அவர் மனைவி நிர்மலாதேவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவளும் வீட்டுக்குள் ஓரிடத்தில் நிற்பதில்லை. உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள், வாசலிலிருந்து அவர் நாற்காலிக்குப் போவாள். இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அவருடைய அந்தக் கால்தான். வேறு மர்மம் எதுவும் இல்லை.

3

பனி ஒரு சாக்கு. உண்மைக் காரணம் சுடலைராஜ்.

ஐப்பசியில் ஒரு நாள் ஆறுமுகச்சாமி தைரியமாகத் தெருவில் இறங்கினார். டீக்கடை வாசலில் நின்றிருந்த சுடலைராஜ் அவரிடம் படித்தவன். இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. சாரைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அது பழைய பயம். அது அவருக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அவன் கண் மெல்ல இறங்கி அவர் காலுக்குப் போனது.

"பாத்து வாங்க சார்" என்றான்.

நல்ல பிள்ளை, நல்ல வார்த்தை. ஆனால் 'ஓடுலே, ஓடுலே' என்று அவனை விரட்டியவர் அந்த மூன்று வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

4

இங்கேதான் நிர்மலாதேவி பொய் சொல்கிறாள்.

(இவளை நான் மூன்று தரம் மாற்றிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறவள் அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்வாளா? சாமி நம்பிக்கை இல்லாதவளாக ஆக்கினேன். அப்போது பொய் அவளுக்கு ரொம்பச் சுலபமாகிவிட்டது. திரும்பவும் விளக்கைக் கையில் கொடுத்துவிட்டேன்.)

கார்த்திகை பிறந்த அன்று அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, உங்க பேருல கோமதியம்மனுக்கு வேண்டியிருக்கேன். இந்த மாசம் பூரா நீங்க கோயிலைச் சுத்தணும்."

"என்னைக் கேக்காம என் காலை எதுக்குட்டி நேந்துவிட்ட? நான் என்ன கெடாயா?"

"கெடான்னா கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்லா."

கத்தினார். காப்பியைத் தள்ளி வைத்தார். மறுநாள் காலை குல்லாவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மனைவியிடம் முடியாது என்று சொல்லலாம். அம்மனிடம் எப்படிச் சொல்வது?

[வெளியூர் வாசகருக்கு: ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் ஊரில் கோயிலைச் சுற்றுவது பெரிய வேண்டுதல். மற்ற மாதங்களிலும் யாராவது சுற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். வேண்டுதலுக்குச் சுற்றுகிறவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும், எங்கே நின்று மூச்சு வாங்கினாலும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒதுங்கி வழி விடுவார்கள்.]

பக்கத்து வீட்டு ராஜகுமாரியிடம் நிர்மலாதேவி விஷயத்தைச் சும்மா காதில் போட்டு வைத்தாள். மத்தியானத்துக்குள் நான்கு ரத வீதிக்கும் தெரிந்துவிட்டது. சுடலைராஜ் இப்போது அவரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தான். யார் கண்ணும் அவர் காலுக்குப் போகவில்லை. போனாலும் அங்கே பக்திதான் தெரிந்தது. பி.டி. சாருக்கு முதுகு நிமிர்ந்தது. ஒரு வீதிக்கு நான்கு இடத்தில் நின்றவர் இரண்டு இடத்தில் நின்றார், பிறகு நிற்காமலே முழுச் சுற்று. பனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

5

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன். ஷூ விடவில்லை.

முதல் நாளே அவர் ஷூவை வாசலில் கழற்றிவிட்டார். வேண்டுதலுக்கு யாராவது ஷூ போட்டுக்கொண்டு சுற்றுவார்களா? நிர்மலாதேவி இதை யோசிக்கவே இல்லை. அந்த இடது பாதத்தில் உணர்ச்சி குறைவு, ஷூ இல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. போடுங்கள் என்று அவள் சொன்னால், அம்மனுக்கு வேண்டிவிட்டு இது என்ன பேச்சு என்று கேட்பார். அதனால் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள், எந்த வீதியிலாவது மனசு மாறமாட்டாரா என்று.

ஒரு நாள் தெற்கு ரத வீதி முடிந்து மேலரத வீதிக்குத் திரும்புகையில், ஈரச் சிமெண்ட் தரையில் அவருடைய இடது கால் பட்ட இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. ஏதோ கண்ணாடிச் சில்லு. ஆறுமுகச்சாமிக்கு வலிக்கவே இல்லை. அவர் பாட்டுக்குக் கோபுரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து அவள் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

உண்மையைச் சொன்னால் பாதம் பிழைக்கும், நாற்காலி ஜெயிக்கும். சொல்லாவிட்டால் நடப்பார், எந்தக் காலோடு என்பதுதான் கேள்வி.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அம்மன் கனவில் வந்து ஷூ போடச் சொன்னதாக அவள் சொல்கிறாள். (ராஜகுமாரி நம்புவாள். ஆனால் நிர்மலாதேவிக்கு இரண்டாவது பொய்க்கு நாக்கு எழவில்லை. எழுதி முடித்த பக்கத்தை அவள் முகத்துக்காகவே அடித்தேன்.)

ஆறுமுகச்சாமி சிரித்து, 'எனக்கு மொதல்லயே தெரியும்ட்டி' என்கிறார். (என் வாசகர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. எல்லாம் தெரிந்த கணவனை நிறைய எழுதியாயிற்று. இவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி நிமிர்ந்து நடந்திருக்கமாட்டார்.)

7

ஆக, மேலரத வீதி. நடு வீதி. தூறல் ஆரம்பித்திருக்கிறது. மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் அவரை உட்காரவைத்து, சில்லை எடுத்து, முந்தானையைக் கிழித்துக் கட்டுகிறாள். இவ்வளவு ரத்தமா என்று அவரே ஆச்சரியப்படுகிறார். அம்மன் பார்த்துக்கொள்வாள், சுற்றை முடித்துவிடலாம் என்று எழுந்திருக்கப் போகிறார்.

"நான் ஒண்ணும் வேண்டல" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"அம்மன்கிட்ட நான் ஒண்ணுமே வேண்டலங்க. பொய் சொன்னேன்."

தூறலில் ஒரு சைக்கிள் போனது. அது வடக்கு ரத வீதிக்குத் திரும்பி மறையும்வரை ஆறுமுகச்சாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் எதுக்குட்டி சுத்துனேன்?"

"நீங்க வீட்டை விட்டு வெளிய வரணும்னுதான்."

ஷூக்களைப் படியில் அவர் பக்கத்தில் வைத்தாள். போடுங்கள் என்று சொல்லவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அழுகிறாளா என்று கேட்காதீர்கள். எனக்கு அவள் முதுகுதான் தெரிகிறது.

உண்மையை அவள் சொல்வதற்கு இந்த இடத்தை நான் வேண்டுமென்றுதான் பிடித்தேன். அவர்கள் வீடு கோயிலுக்கு நேர் எதிர்ப்பக்கம், கீழரத வீதியில். இங்கிருந்து முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம். முன்னால் போனால் சுற்று முடியும், ஊர் கும்பிடும். பின்னால் திரும்பினால் அது வேண்டுதல் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். கால் சரியில்லாத ஒருவர் தம் மனைவியோடு தெருவில் நடந்து வருகிறார், அவ்வளவுதான். எல்லோரும் காலைப் பார்ப்பார்கள்.

ஷூ போடுவாரா, எந்தப் பக்கம் திரும்புவார் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் கோபக்காரர் என்பதை மறக்க வேண்டாம். நான் ஒன்றே ஒன்று செய்திருக்கிறேன். இந்தக் காலையில் நான்கு ரத வீதியிலும் ஓர் ஆட்டோ கூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.