செத்தவனுடைய ஹார்டு பிரஷ்

கப்பலில் இவனோடு துரு சுரண்டிய கூட்டாளி, இவனுக்கு நானூற்றைம்பது ரூபாய் பாக்கி வைத்துவிட்டுச் செத்துப்போனான். அதற்கு ஈடாக, அவன் பெட்டியில் பிரிக்காமல் கிடந்த, பல் தேய்க்கும் ஹார்டு பிரஷையும் சொரசொரப்பான பற்பசையையும் இவன் எடுத்துக்கொண்டான். இரும்பைத் தேய்த்த கை, பல்லையும் அப்படியே தேய்த்தது. ஈறு கிழிந்து நுரை சிவந்தது. கண்ணாடியில், ரத்தம் வழியும் வாயோடு செத்தவன் சிரித்தான்.

"அவன் என்னை விடமாட்டேங்கிறான்டி."

மனைவி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். "ஆமா, பேய் வந்து உங்க ஈறைத் தின்னுதாக்கும்! பல்லு என்ன கப்பல் தகரமா? இந்தாங்க சாஃப்ட் பிரஷ். சாதா பேஸ்ட் போதும். மெதுவா தேய்ங்க."

சில வாரத்தில் ரத்தம் நின்றது. ஆனாலும் கண்ணாடியில் அவன்தான் நின்றான், சிரிக்காமல், எதற்கோ காத்திருப்பதுபோல்.

"போடா, நீ எனக்கு ஒண்ணும் தரவேண்டாம்," என்று இவன் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது.