பயண விவரம்: இல்லை

1

இந்தக் கதை ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு சனிக்கிழமை மதியம், தட்டில் மசால் தோசை ஆறிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. சொன்னவர் ஜூடித். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறார். பாதிக் கதையை அவர் சொன்னார். மீதிப் பாதி எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அதை நேரில் சொல்ல வாய் வராமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “எல்லையைத் தாண்டக் கொசுவுக்கு விசா தேவையில்லை, ஆனால்

வேண்டாம். ஒருவன் சாகக் கிடந்த கதையை இப்படிச் சாமர்த்தியமாக ஆரம்பிப்பவனை நானே நம்ப மாட்டேன்.

இரண்டாவது: “1999 ஆகஸ்ட். ஹூஸ்டனின் வெயிலில் தார்

வெயிலை வர்ணிக்கிறேன் என்றால் எதையோ தள்ளிப்போடுகிறேன் என்று அர்த்தம். ஆளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

வெள்ளியங்கிரிக்கு அப்போது முப்பத்தொரு வயது. பொள்ளாச்சிக்காரன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடாமல் இருக்க வருஷத்தின் இரண்டிலக்கத்தை நான்கிலக்கமாக மாற்றும் வேலை. மனைவி வசந்தாமணி அமெரிக்கா வந்து ஐந்து மாதம்.

ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. புதன்கிழமை நூற்று நாலு டிகிரி. கண்ணுக்குப் பின்னால் குத்தல், எலும்பெல்லாம் முறித்துப் போட்டாற்போல் வலி. வியாழன் காலை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். சேர்க்கும் இடத்தில் ஒரு நர்ஸ் வரிசையாகக் கேள்வி கேட்டார். கடந்த ஒரு மாதத்தில் வெளிநாட்டுப் பயணம் உண்டா?

இல்லை என்று பதில் வந்தது. நர்ஸ் அதற்கான கட்டத்தில் டிக் செய்தார்.

[இது சின்ன விஷயம் இல்லை. காய்ச்சலுக்கு நூறு காரணம் இருக்கலாம். பயணம் இல்லை என்று எழுதிவிட்டால் டாக்டரின் மனசில் அந்த நூற்றில் பல அப்போதே அடிபட்டுவிடுகின்றன. அதில் ஒன்று டெங்கு.]

டாக்டர் ஹாலவே ஆன்டிபயாட்டிக் எழுதினார். வலி தாங்காமல் துடித்தவனுக்கு ஐபுப்ரோஃபென் கொடுக்கச் சொன்னார். நர்ஸ் டிக் செய்த அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் அதைத்தான் செய்திருப்பார்.

3

என் முதல் வரைவில் இந்த இடத்தில் நடுநிசி, ஆளில்லாத லேப், மினுக்கும் டியூப் லைட் எல்லாம் இருந்தன. ஜூடித்திடம் போனில் படித்துக் காட்டினேன்.

“பிரதர், எனக்கு டே ஷிஃப்ட். காலைல பத்தரை மணி. காபி குடிச்சிட்டு இருந்தேன்.”

ஆகவே, வெள்ளிக்கிழமை காலை பத்தரை. மிஷின் ஒரு எண்ணைத் தந்தது. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் நேற்று ஒரு லட்சத்து முப்பதாயிரம். இன்று அறுபத்தோராயிரம். ஜூடித் டியூபில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார். அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே தான் ஒருத்திதான் என்று தோன்றியது. காபியை வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

“பிரதர், நான் ஜூடித். லேப்ல இருக்கேன். தமிழ்தானே?”

வசந்தாமணி அழுதுவிட்டாள். காய்ச்சல் வந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த முதல் தமிழ்ப் பெண் குரல்.

“அழாதீங்க சிஸ்டர். பிரதர், உங்க பிளேட்லெட் இறங்கிட்டே போகுது. ரெண்டு வாரத்துக்குள்ள எங்கயாவது டிராவல் பண்ணீங்களா? இந்தியா?”

“இல்லீங்க.”

“வேற எங்கயாவது?”

அவன் சுவரைப் பார்த்தான். “சொன்னா எழுதிப் போடுவீங்களா?”

“எழுதணும்.”

“ஐ.என்.எஸ்.ஸுக்குப் போகுமுங்களா?”

ஜூடித் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும், சார்ட்ல வரும். ஆனா எனக்குத் தெரிஞ்சு லேப் ரிப்போர்ட்டை யாரும் இமிகிரேஷனுக்கு ஃபேக்ஸ் பண்றதில்ல.”

பேசியது வசந்தாமணி.

“விசா போனாப் போகுதுங்க. ஊர்ல போய்ப் பொழைச்சுக்கலாம். நீங்க போயிட்டா நான் எங்கீங்க போறது? சொல்லுங்க.”

“மெக்சிகோ,” என்றான். “விசா ஸ்டாம்பிங்குக்கு. பார்டர் தாண்டி ரெண்டு நாள். லாட்ஜ் ஜன்னல்ல வலை இல்லீங்க. ஒரே கொசு.”

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. “டாக்டர் ஹாலவே போனில் சீறினார்: லேபில் இருப்பவள் எனக்கு

ஜூடித் இதையும் அடிக்கச் சொன்னார். நடந்தது வேறு. ஜூடித் போனில் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர், டெங்குவை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், நீங்கள்? என்று கேட்டார். வேலூரில் படிக்கும்போது வார்டு வார்டாகப் பார்த்திருக்கிறேன் என்றார் ஜூடித். அப்படியானால் அங்கேயே இருங்கள், வருகிறேன் என்று போனை வைத்தார். கால் மணி நேரத்தில் ஐபுப்ரோஃபென் நின்றது. அது ரத்தக் கசிவைக் கூட்டும் மருந்து. சலைன் ஏறியது. ஒரு டியூப் ரத்தம் ஐஸ் பெட்டியில் ஆஸ்டினில் இருந்த மாநில லேபுக்குப் புறப்பட்டது.

4

இந்தக் கதையில் திருமூர்த்தி என்று ஒரு நண்பன் இருந்தான். வெள்ளியங்கிரியோடு மெக்சிகோ போனவன். ஐந்து வரைவுகளில் அவனை வைத்திருந்தேன். மீசை கொடுத்தேன், ஒரு பழைய காரும் கொடுத்தேன். எவ்வளவு செய்தும் அவன் உயிர் பெறவில்லை.

காரணம், அப்படி ஒருவன் கிடையாது. போனது நான்.

இரண்டாம் பகுதியில் “பதில் வந்தது” என்று எழுதியிருக்கிறேன். யார் வாயிலிருந்து என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நர்ஸ் கேட்டபோது வெள்ளியங்கிரி நடுங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். மெக்சிகோவில் எங்களுக்குப் புது விசா முத்திரை, அந்த ஸ்டாம்பிங், கிடைக்கவில்லை. தூதரகத்தில் இன்னொரு கடிதம் கேட்டிருந்தார்கள். காலாவதியான விசாவோடு, பழைய காகிதத்தைக் காட்டி எல்லையைத் தாண்டித் திரும்பியிருந்தோம். அது சட்டப்படி சரிதான் என்று பின்னால் வக்கீல் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. நான் முந்திக்கொண்டு “நோ” என்றேன். பிறகு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பிளேட்லெட் பத்தொன்பதாயிரத்துக்கு இறங்கியது. மூக்கில் ரத்தம் வந்தது. ஞாயிறு காய்ச்சல் விட்டது. விட்டுவிட்டதே என்று வசந்தாமணி கும்பிட்டாள். இனிமேல்தான் கவனமாக இருக்கவேண்டும் என்று ஜூடித் சொல்லிவைத்தார். திங்கட்கிழமை இருபத்தாறாயிரம். செவ்வாய்க்கிழமை, லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறி வந்த ஜூடித் வாசலிலேயே சொன்னார்: “அம்பத்தெட்டு!”

ஆஸ்டின் முடிவு வந்தபோது வெள்ளியங்கிரி வீட்டில் ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டெங்குதான். யார் “நோ” சொன்னது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. நான் பேச்சை எடுத்தபோது, “எனக்காகத்தானப்பா சொன்னே, உடு” என்றான்.

5

அந்த டியூப்புக்குப் பிறகு, காரணம் தெரியாத காய்ச்சல்காரர்களின் ரத்தத்தையும் டாக்டர் ஹாலவே அனுப்ப ஆரம்பித்தார். அந்த வருஷம் முடிவதற்குள் இன்னும் மூன்று பேரைக் கண்டுபிடித்தார்கள். மூன்று பேரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். கதையை இங்கே முடிக்கலாம். நல்ல முடிவு.

ஆனால் இரண்டு வருஷம் கழித்து, ஹில்கிராஃப்ட் தெருவில் தோசை ஆறிய அந்த மதியம் ஜூடித் சொன்னது இது: “அந்த நர்ஸ் சரியா கேக்கவே இல்ல போல, பிரதர். பாவம், அவங்களுக்கு வார்னிங் லெட்டர் குடுத்தாங்க. அப்புறம் அவங்க அந்த வார்டுக்கே வரல.”

நான் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

அதோடு, காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு மருத்துவமனை பல மொழிகளில் கேள்வித்தாள் தயாரிக்கிறது என்றும் சொன்னார். “நீங்க எழுதறவர்தானே, தமிழ்ல நீங்களே ட்ரான்ஸ்லேட் பண்ணிக் குடுங்க.”

செய்துவிட்டேன். நாளை ஜூடித்தைப் பார்க்கிறேன். கேள்வித்தாளையும் இந்தக் கதையையும் ஒரே உறையில் போட்டிருக்கிறேன். அந்த நர்ஸுக்கும் மருத்துவமனைக்கும் என் பெயரிட்டு எழுதிய ஒரு கடிதமும் உள்ளே இருக்கிறது. ஜூடித் கோபப்படலாம். எழுந்து போய்விடலாம். அல்லது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். என்னால் அதை எழுத முடியாது. எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். அதை உங்களிடம் விடுகிறேன்.

கேள்வித்தாளின் முதல் வரி இது. ஐந்து வரைவில் வந்தது. இதில் மட்டும் எதையும் அடிக்க மனசில்லை:

“பயப்படாமல் சொல்லுங்கள், இது உங்கள் வைத்தியத்துக்காக மட்டும். கடந்த பதினைந்து நாளில் எங்கே போயிருந்தீர்கள்? ................................”